நாட்டின் வளர்ச்சியும் நம் கல்லாப்பெட்டியும்

பத்திரிகையில் "பொருளாதார வளர்ச்சி விகிதம்" என்று தலைப்பு வந்தால் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மார்க்கெட் நிலவரம் போட்டிருக்கும் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அது டெல்லியில் இருப்பவர்கள் பேசுகிற சமாச்சாரம், மளிகைக் கடைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்பது நமது எண்ணம். சங்கக் கூட்டங்களில்கூட வளர்ச்சி என்ற பேச்சு வந்தால் தொழிற்சாலை, பாலம், துறைமுகம் என்றுதான் பேசுகிறோம். வாங்கி விற்கிறவன் நடுவில் நின்று கமிஷன் பார்க்கிறவன்தானே, அவனால் நாட்டுக்கு என்ன கூடுகிறது என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வணிகர்களாகிய நாமே பழகவில்லை. எங்கள் போடிநாயக்கனூரில் நாள்தோறும் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிற ஏலக்காயை வைத்தே அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு வருஷத்தில் நாட்டுக்குள் கைமாறிய பணத்தின் கூட்டுத்தொகை அல்ல. அப்படிக் கூட்டினால் ஒரே மூட்டை நான்கு கை மாறும்போது நான்கு முறை எண்ணப்பட்டுவிடும். ஒவ்வொரு கையிலும் அந்தச் சரக்கின் மதிப்பில் எவ்வளவு கூடியதோ அதை மட்டும்தான் எடுத்துக் கூட்டுகிறார்கள். நூறு ரூபாய்க்கு வாங்கி நூற்றுப் பத்துக்கு விற்றால் நம் கடையிலிருந்து அந்தக் கணக்கில் ஏறுவது பத்து ரூபாய். 2017 ஜூலை முதல் நாம் கட்டிவரும் ஜி.எஸ்.டி.யும் ஏறக்குறைய இதே வழியில்தான் ஓடுகிறது. வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு, கூடிய மதிப்புக்கு உரியதை மட்டும் கட்டுகிறோம். ரிட்டர்ன் போடும்போது அலுத்துக்கொள்கிறோமே, அந்தத் தாளில் இருப்பது நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் நம் பங்கு.

அந்தப் பத்து ரூபாய் நமக்கு எதற்காகக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். சும்மா நடுவில் நின்றதற்கு யாரும் நீண்ட காலம் பணம் கொடுக்க மாட்டார்கள்.

மலையில் பறித்த பச்சைக் காய் நான்கு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை சேர்ந்தால்தான் காய்ந்த ஏலக்காய் ஒரு கிலோ கிடைக்கும். தோட்டத்து ஸ்டோரில் சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்கும்படி பார்த்து, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் உலர்த்த வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இப்படிக் காய்ந்து வருகிற சரக்கில் பெரிய காய், சிறிய காய், வெளுத்தது, வெடித்தது எல்லாம் கலந்தே இருக்கும். இதை அப்படியே ஒரு விலைக்கு வாங்கி எங்கள் கிட்டங்கிகளில் சல்லடையில் ஏற்றுகிறோம். எட்டு மில்லிமீட்டர், ஏழு, ஆறு என்று அளவு பிரிகிறது. பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பரப்பி நிறம் பார்த்துப் பொறுக்குகிறார்கள். போடியில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் பொறுக்குக் கூலிதான் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பணம்.

பொறுக்கியதால் ஒரு காய்கூடப் புதிதாக விளைந்துவிடவில்லை. ஆனாலும் மதிப்பு கூடிவிட்டது. பெரிய பச்சைக் காய் வளைகுடா நாட்டு ஏற்றுமதிக்கும் வடநாட்டு மிட்டாய்க் கடைகளுக்கும் போகிறது. நடுத்தரம் நம் மளிகைக் கடைகளுக்கு. சிறிய காய் மசாலாத் தயாரிப்புக்கும் பான் மசாலா ஆலைகளுக்கும், வெடித்த காயும் உதிர்ந்த அரிசியும் பொடி அரைக்கவும் டீக்கடைகளுக்கும் போகின்றன. யாருக்கு எது வேண்டுமோ அது மட்டும் போய்ச் சேர்கிறது, வேண்டாததற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. கலந்து கிடந்தபோது ஒரு கிலோவுக்குக் கிடைத்த விலையைவிடப் பிரித்த பிறகு எல்லாம் சேர்ந்து கூடுதலாகக் கிடைக்கிறதென்றால், அந்த வித்தியாசம் யாரையும் ஏமாற்றி எடுத்தது அல்ல. சரியான காயைச் சரியான ஆளிடம் சேர்த்த வேலைக்கு வந்தது.

கடைசிக் கையான மளிகைக் கடையிலும் இதே கதைதான். கணக்குக்காக ஏலக்காய் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வாங்குகிற வீடு ஊரில் எத்தனை இருக்கும்? நூறு கிராம் வாங்கவே 250 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். பாயசத்துக்கு நான்கு காய் போதும் என்கிற வீட்டுக்கு நாம் ஐந்து கிராமை மடித்துக் கொடுக்கிறோம். மடித்துக் கொடுப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று தோன்றலாம். அந்தப் பொட்டலம் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஏலக்காயே இல்லை. தமிழ்நாட்டு வணிகத்தில் இந்த உண்மையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் கடலூர்க்காரர்கள். சின்னி கிருஷ்ணன் என்பவர் பாட்டிலில் மட்டுமே விற்றுக்கொண்டிருந்த ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு "சிக்" ஷாம்புவைத் தொடங்கினார். பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய அந்த உறைகளை விற்றது நாம்தான். பிறகு உலகப் பெரிய கம்பெனிகளே அதைப் பார்த்து உறையில் அடைக்கத் தொடங்கின. ஷாம்பு புதிதல்ல, கடை புதிதல்ல, அளவு மட்டும்தான் புதிது. அதுவரை வாங்காதிருந்த கோடிக்கணக்கானவர்கள் வாங்கத் தொடங்கினார்கள்.

புதுமை என்றதும் ஆராய்ச்சிக் கூடத்தையும் கம்ப்யூட்டரையும் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் மலையில் நடந்ததைக் கேட்டால் அந்த எண்ணம் மாறும்.

அதற்கு முன் ஏலக்காய்த் தொழில் எப்படிச் சறுக்கியது என்று சொல்ல வேண்டும். ஏலக்காய்க்கு உலகிலேயே நாம்தான் என்று நெடுங்காலம் இருந்துவிட்டோம். அரபு நாடுகளில் விருந்தாளி வந்தால் ஏலக்காய் இடித்துப் போட்ட கஹ்வாக் காப்பி கொடுத்தாக வேண்டும். அந்த வியாபாரம் நம்மை விட்டு எங்கே போகப் போகிறது என்று இருந்தோம். முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலச்செடியைக் கொண்டுபோய் நட்டார். அந்த நாட்டு மக்களுக்கு ஏலக்காய் சாப்பிடும் பழக்கமே கிடையாது. விளைந்தது அத்தனையும் வெளிநாட்டுக்குத்தான். 1980-களில் அவர்கள் உற்பத்தியில் நம்மைத் தாண்டிவிட்டார்கள். விலையும் நம்மைவிடக் குறைவு. ஆயிரக்கணக்கான டன்னாக இருந்த நம் ஏற்றுமதி அந்தப் பத்தாண்டின் முடிவில் சில நூறு டன்னாகச் சுருங்கியது. அந்த நாட்களில் இந்தத் தொழில் இனி அவ்வளவுதான், காப்பியோ மிளகோ போட்டுக்கொள்ளலாம் என்று மலையில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது ஏலக்காயைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் பலரும் வாரியம் என்பார்கள், மானியம் என்பார்கள். ஏலக்காய் வாரியம் 1966-ல் வந்தது. 1987-ல் அது நறுமணப் பொருள் வாரியத்துக்குள் சேர்ந்தது. அவர்கள் செய்ததை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெளிநாடு வாங்காத சரக்கை வாங்கியது உள்நாடு. டெல்லி, கான்பூர், இந்தூர், மும்பை, கொல்கத்தா என்று எங்கள் வியாபாரிகள் சாம்பிள் பையோடு அலைந்தார்கள். பான் மசாலா ஆலைகள் பெருகின. பிரியாணி கல்யாண வீட்டிலிருந்து தெருக்கடைக்கு வந்தது. ஏலக்காய் டீ போடாத டீக்கடை இல்லை என்றாயிற்று. இன்று நாட்டில் விளைகிற ஏலக்காயில் மிகப் பெரும்பகுதியை நாமே சாப்பிட்டுவிடுகிறோம். எந்தத் திட்டத்திலும் எழுதி வைத்து நடந்ததல்ல இது. லட்சக்கணக்கான கடைகளில் பத்துப் பத்துக் கிராமாக நடந்தது.

இனி மலைக்கு வருவோம். கட்டப்பனைப் பக்கத்தில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி 1980-களில் தன் தோட்டத்தில் சில செடிகள் மட்டும் பெரிய காயாக, கரும்பச்சையாக, கொத்துக் கொத்தாகக் காய்ப்பதைக் கவனித்தார். நல்ல செடியைத் தேர்ந்து, விதை போட்டு நாற்று எடுக்காமல் தூரைப் பிரித்து நட்டுப் பெருக்கினார். விதையில் தாய்ச்செடியின் குணம் மாறிவிடும், தூரைப் பிரித்தால் மாறாது. தன் வீட்டுப் பெயரையே வைத்து "ஞள்ளானி" என்று அழைத்தார். அன்றைக்கு நம் நாட்டில் ஹெக்டேருக்குச் சராசரி நூறு கிலோகூடத் தேறாத காலம். நன்றாகப் பராமரித்த ஞள்ளானித் தோட்டம் ஹெக்டேருக்கு 1,500 கிலோ வரை கொடுத்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து பார்த்தார்கள், தூர் வாங்கிப் போனார்கள். சில ஆண்டுகளில் இடுக்கி மலை முழுவதும் அதுவே பரவிவிட்டது. பிறகுதான் தேசியப் புதுமைகள் நிறுவனம் அவரை அங்கீகரித்தது. ஏலத்தோட்டங்களின் பரப்பு ஒரு லட்சம் ஹெக்டேரிலிருந்து எழுபதாயிரம் ஹெக்டேருக்குப் பக்கமாகக் குறைந்த பின்னும், நாலாயிரம் ஐயாயிரம் டன்னாக இருந்த விளைச்சல் நல்ல வருஷங்களில் இருபதாயிரம் டன்னைத் தாண்டியது. நிலம் குறைந்து விளைச்சல் நான்கு மடங்கு! பொருளாதாரப் புத்தகங்களில் உற்பத்தித்திறன் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஞள்ளானிக்கு உரமும் மருந்தும் நிறைய வேண்டும். நிழல் மரங்களைக் கழித்து வெயிலை உள்ளே விட்டார்கள். மருந்தடிப்பது கூடியது. பிறகு வளைகுடா நாடுகளில் மருந்து மிச்சத்தைப் பரிசோதித்துச் சரக்கைத் திருப்புகிற நிலை வந்தபோது, சம்பாதித்ததில் ஒரு பங்கை அங்கே விட்டோம். காய் பச்சையாகத் தெரிவதற்காகச் சாயம் ஏற்றிய பேராசைக்காரர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஒருவர் செய்த வேலைக்கு ஊரே பெயர் கெட்டது. அந்தச் சரக்கையும் நம்பி வாங்கியவர் ஒரு மளிகைக் கடைக்காரர்தான்.

விளைச்சல் கூடினால் மட்டும் போதுமா? விற்கிற இடம் ஒழுங்காக இருக்க வேண்டும். எங்கள் ஊரின் கதையே அந்த இடத்தைப் பற்றியதுதான். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. ஏலமலை அந்தப் பக்கம், சந்தை இந்தப் பக்கம். மலையில் வேலை செய்கிறவர்களில் பலர் இன்றும் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறிப் போய் மாலையில் இறங்குகிறவர்கள். சரக்கும் அதே பதினேழு கொண்டை ஊசி வளைவு வழியாகப் போடிமெட்டிலிருந்து இறங்கியது. இரண்டு மாநிலத்துச் செக்போஸ்ட், இரண்டு வரி, இரண்டு வகைக் காகிதம். காகிதத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் லாரி ராத்திரி முழுக்க நிற்கும். ஜி.எஸ்.டி. வந்தபின் வரிச் செக்போஸ்ட் போயிற்று. 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில் போதும். சிறு வியாபாரிக்குக் கணக்கு எழுதும் சுமையை ஜி.எஸ்.டி. கூட்டியது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை, அதைக் கூட்டந்தோறும் சொல்லி வருகிறோம். ஆனால் மலைப் பாதையில் அது செய்த நன்மையை மறைத்துப் பேசுவதும் நியாயமில்லை.

ரயிலின் கதை வேறு. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை போட்டதற்கு மலைச் சரக்கு ஒரு முக்கியக் காரணம். அகலப்பாதைக்காக 2010 முடிவில் நிறுத்தினார்கள். திரும்ப ரயில் வந்தது 2023 ஜூனில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அதற்குள் சரக்கெல்லாம் லாரிக்குப் பழகிவிட்டது. வழியை ஒருமுறை அடைத்துவிட்டால் வியாபாரம் வேறு வழி பார்த்துக்கொள்ளும், திறந்ததும் உடனே திரும்பி வந்துவிடாது.

ஏலத்தைப் பற்றிச் சொல்லாமல் போடியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏலம் என்றால் தமிழில் காயும் ஏலம், கூவி விற்பதும் ஏலம். எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றாகவே நடக்கிறது. முன்பெல்லாம் சாம்பிள் தட்டு கை மாறிக்கொண்டே வரும். காயைக் கையில் அள்ளிக் கனம் பார்த்து, ஒன்றை உடைத்து அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, ஒருவர் விலை சொல்ல மற்றவர் ஏற்றுவார். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே எதுவரை போவார் என்று தெரிந்துவிடும். பெரிய கை ஒன்று கேட்டால் சின்ன வியாபாரி மரியாதைக்காகவோ பயத்துக்காகவோ வாயை மூடிக்கொள்வதும் உண்டு. நஷ்டம் தோட்டக்காரருக்கு. 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலம் கொண்டுவந்தது. வியாபாரிகள் ஆளுக்கொரு திரைக்கு முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள். கேட்டது யார் என்று மற்றவருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். முகம் பார்த்து வியாபாரம் செய்து பழகியவர்களுக்குத் திரையைப் பார்த்துக் கேட்பது ஏதோ சூதாட்டம் போல இருந்தது. போகப் போகத்தான் தெரிந்தது, சின்ன வியாபாரியும் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறார் என்று. 2021-ல் போடியிலும் புற்றடியிலும் உள்ளவர்கள் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் வசதியும் வந்தது.

இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன லாபம் என்றால், ஏலத்தின் சராசரி விலையும் உச்ச விலையும் அன்றன்றே வெளியாகிவிடுகின்றன. திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ இருக்கிற கடைக்காரர் செல்போனில் அதைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்கிறார். "அண்ணாச்சி, நேற்று சராசரி இவ்வளவுதானே, நீங்கள் எப்படி இந்த விலை சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். முன்பு இப்படிக் கேட்க ஆள் கிடையாது. சராசரி விலை என்பது கலப்புச் சரக்கின் விலை, பொறுக்கிய எட்டு மில்லிமீட்டருக்கு அது பொருந்தாது என்று விளக்க வேண்டியிருக்கிறது. கஷ்டமாக இருந்தாலும் நல்லதுதான். விலை தெரிந்து வாங்குகிறவர் அடுத்த முறையும் வருவார்.

விலை எல்லோருக்கும் தெரிவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை 2019-ல் பட்டுத் தெரிந்துகொண்டோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துத் தோட்டங்கள் அழுகின. அடுத்த கோடை காய்ந்தது, மழையும் தாமதம். வரத்து குறைந்து விலை ஏறிக்கொண்டே போய், 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. எங்கள் வாழ்நாளில் பார்க்காத விலை. உடனே என்ன நடந்தது? காப்பியையும் மிளகையும் பிடுங்கிவிட்டு ஏலம் நட்டவர்கள் எத்தனையோ பேர். கடன் வாங்கித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் உண்டு. எங்களில் சிலரும் இன்னும் ஏறும் என்று நாலாயிரத்துக்கு மேல் வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கினோம். நட்ட செடி இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும் அல்லவா? எல்லாம் ஒன்றாகக் காய்த்தபோது, இடையில் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. அடுக்கி வைத்த மூட்டையைத் தூக்கி விற்றபோது கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறக்கவே தயங்கினார். விலை ஏறினால் நடு, இறங்கினால் பிடுங்கு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வதைத் தொழில்முனைவு என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஒருபக்கம் ஓடும்போது வேறுபக்கம் பார்க்கிறவரே முனைவோர். விலை விழுந்த அந்த வருஷங்களில் பத்து ரூபாய், இருபது ரூபாய்ப் பாக்கெட் போட்டுச் சிற்றூர்க் கடைகளில் இறக்கிய சில இளைஞர்கள் எங்கள் ஊரில் உண்டு. விலை குறைவாக இருந்ததால் பாக்கெட்டில் காய் நிறைவாகத் தெரிந்தது, வாங்கிப் பழகியவர்கள் விட்டுவிடவில்லை.

எங்கள் ஊர் செய்யத் தவறிய ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். ஏலக்காய்த் தரத்தை உலகமெங்கும் ஏ.ஜி.இ.பி., ஏ.ஜி.பி., ஏ.ஜி.எஸ். என்று சொல்கிறார்கள். அதில் முதல் இரண்டு எழுத்தும் "ஆலப்பி கிரீன்". ஆலப்புழையில் ஏலம் விளைவதில்லை, அது கடற்கரை ஊர். திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த 19-ஆம் நூற்றாண்டில் சரக்கையெல்லாம் அங்கே கிடங்கில் சேர்த்து, தரம் பார்த்து, கப்பலில் ஏற்றியது. தரம் பார்த்த ஊரின் பெயர் காயோடு ஒட்டிக்கொண்டது. இன்று "ஆலப்பி பச்சை ஏலக்காய்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. எத்தனையோ தலைமுறையாகச் சலித்து, பொறுக்கி, மூட்டை பிடித்து அனுப்பியவர்கள் நாங்கள். ஆனால் மூட்டை டெல்லிக்குப் போனதும் அங்குள்ள கம்பெனி தன் பெயரை அச்சடித்த டப்பாவில் போட்டு விற்கிறது. வாங்குகிற வீட்டுக்குப் போடி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. சரக்கில் கவனம் வைத்தோம், பெயரில் வைக்கவில்லை. கூடுகிற மதிப்பில் பெரும்பங்கு பெயர் வைத்திருப்பவருக்குத்தான் போகிறது.

இதைக் கடைக்காரர்களும் தங்கள் அளவில் யோசிக்கலாம். நம் கடையில் அளந்து மடித்துக் கொடுக்கிற பொட்டலத்தின்மேல் நம் கடைப் பெயரும், அடைத்த தேதியும், என்ன தரம் என்பதும் அச்சடித்து ஒட்ட அதிகச் செலவில்லை. பாக்கெட் போட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் எடை அளவுச் சட்டத்தின்படி எழுத வேண்டியவையும் உண்டு, அவற்றைச் சங்கத்தில் கேட்டுச் செய்யுங்கள். "அந்தக் கடை ஏலக்காய் வாசனையாக இருக்கும்" என்று ஒரு தெரு பேசத் தொடங்கினால் பக்கத்தில் எவ்வளவு பெரிய கடை வந்தாலும் அந்த வாடிக்கை போகாது.

இன்னொரு கவலை. சில கிட்டங்கிகளில் நிறம் பார்த்துப் பிரிக்கிற இயந்திரம் வந்துவிட்டது. பல பேர் செய்கிற வேலையை அது சீக்கிரம் முடித்துவிடுகிறது, பிசகும் குறைவு. போட்டியில் நிற்க வேண்டுமானால் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு வளர்ச்சி விகிதத்தில் பதில் இல்லை. எங்களுக்குத் தெரிந்த வழி, பாக்கெட் போடும் வேலையை வடநாட்டுக்கு விட்டுவிடாமல் இங்கேயே செய்வதுதான். பொறுக்குகிற கைக்கு அடைக்கிற வேலை புதிதல்ல. சில இடங்களில் அப்படி மாற்றியிருக்கிறோம். எல்லோருக்கும் வேலை கொடுக்க முடிந்ததா என்றால் இல்லை.

கடைசியாக, கேட்டு எழுதுகிற கடைக்காரர்களுக்காகச் சரக்கு பார்க்கிற முறை. அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய காயாக இருந்து உள்ளே அரிசி இல்லாத சரக்கும் வருகிறது. ஒரு லிட்டர் படியில் தளர்வாக நிரப்பி நிறுத்துப் பாருங்கள். அக்மார்க் முறையில் ஏழு மில்லிமீட்டர் ஏ.ஜி.இ.பி. சரக்கு லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம் நிற்க வேண்டும், ஆறு மில்லிமீட்டர் ஏ.ஜி.பி. 415, ஐந்து மில்லிமீட்டர் ஏ.ஜி.எஸ். 385. எடை குறைந்தால் முற்றாத காய் என்று அர்த்தம். ஈரத் துணியில் நாலு காயைத் தேய்த்துப் பாருங்கள், பச்சை ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அனுப்பியது நாங்களாக இருந்தாலும் சரி. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வெயில் படுகிற முன்வரிசையில் வைக்கிற வழக்கம் பல கடைகளில் இருக்கிறது, சீக்கிரமே காய் வெளுத்துவிடும். காற்றுப் புகாத டின்னில் உள்ளே வைத்து, முன்னால் ஒரு கை மட்டும் எடுத்து வையுங்கள். பொடியாக அரைத்து ஸ்டாக் வைக்கவே வேண்டாம், தோலுக்குள் இருக்கும்வரைதான் வாசனை நிற்கும். கேட்கிறவருக்கு அப்போதைக்கு இடித்துக் கொடுத்தால் ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுப்பார்கள்.